நள்ளிரவு அழைப்பும் வராத தூக்கமும்

கேள்வி: என் வயது 34. ஊர் புதுக்கோட்டைப் பக்கம். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் உணவகத்தில் ஒன்றரை ஆண்டாகப் பரோட்டா மாஸ்டராக இருக்கிறேன். வேலை முடிந்து அறைக்கு வந்ததும், இரவு பன்னிரண்டரைக்கு, மனைவியையும் நான்கு வயது மகளையும் வீடியோவில் அழைப்பேன். மகள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். பிறகு நெஞ்சு அடைக்கிறது, தூக்கம் வருவதில்லை. அறையில் ஏழு பேர் இருந்தும் யாருமே இல்லாதது போலிருக்கிறது. இது இதய நோயா? தூக்க மாத்திரை போடலாமா?

பதில்: முதலில் நெஞ்சைப் பார்ப்போம். படியேறும்போதோ மாவு பிசையும்போதோ அடைத்து, ஓய்ந்தால் விடுகிறதா? அப்படியானால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். வியர்த்துக் கொட்டி, கைக்கோ தாடைக்கோ வலி பரவினால் 999-ஐ அழையுங்கள். இவை இல்லாவிட்டாலும் ஒருமுறை இசிஜி, ரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு பார்த்துவிடுவது நல்லது. பேசி முடித்த பிறகு மட்டும் வரும் அடைப்பு பெரும்பாலும் மனப்பதற்றத்தால் வருவது.

இனி மகள். இந்திய நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். நீங்கள் அழைக்கும்போது அங்கே இரவு பத்து. பாதித் தூக்கத்தில் எழுப்பி ‘அப்பாவிடம் பேசு’ என்றால் எந்தக் குழந்தை பேசும்? அவள் உங்களை மறக்கவில்லை தம்பி, அவளுக்குத் தூக்கம். மாலைக் கூட்டம் வருமுன், நான்கு மணி வாக்கில், முதலாளியிடம் கால் மணி நேரம் கேளுங்கள். அங்கே அப்போது பகல் ஒன்றரை. ‘சாப்பிட்டாயா, படித்தாயா’ என்று விசாரித்தால் அந்த வயதுக்குப் பொறுமை இருக்காது. கைபேசியைச் சாய்த்து வைத்துவிட்டு மாவை உருட்டுங்கள். எண்ணெய் தடவி நீங்கள் அடுக்கும் உருண்டைகளை அவள் எண்ணட்டும், ஒன்றை வீசியும் காட்டுங்கள். பேச்சு தானாக வரும்.

மனைவியிடம் தினமும் ‘நன்றாக இருக்கிறேன்’ என்றுதான் சொல்வீர்கள் என நினைக்கிறேன். அவரும் அதையேதான் சொல்வார். இருவரும் இப்படி மறைத்தால், அனுப்பிய பணத்தைத் தவிரப் பேச ஒன்றும் மிஞ்சாது. தூக்கம் வரவில்லை என்பதையாவது சொல்லுங்கள்.

தூக்க மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். சில வகை பழக்கமாகிவிடும். பீரும் வேண்டாம், தூங்கவைத்துவிட்டு நடுவில் எழுப்பிவிடும். மாலைக்குப் பிறகு தே தாரிக் எனும் ஆற்றிய பால் தேநீரையும் குறையுங்கள். அறையிலுள்ள ஏழு பேரோடும் நெருங்க வேண்டியதில்லை, ஒருவர் போதும். விடுமுறை நாளில் அவரை அழைத்துக்கொண்டு ஸ்காட் சாலைக் கந்தசாமி கோயிலுக்கு நடந்து போங்கள், அல்லது கேஎல் சென்ட்ரலில் ரயிலேறிப் பத்துமலைக்குப் போய் வாருங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுவதும் சோர்வு, எதிலும் பிடிப்பின்மை, பசியின்மை என்று நீடித்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். கிளினிக்குக்குப் போய் அதை அப்படியே சொல்லுங்கள், சிகிச்சை இருக்கிறது. உயிரை விடும் எண்ணம் தலைகாட்டினால், எந்த நேரமானாலும், மனம்விட்டுப் பேசக் காதுகொடுக்கும் பிஃபிரெண்டர்ஸ் அமைப்பை 03-76272929 என்ற எண்ணில் அழையுங்கள். போலீஸ் வருமோ, பெர்மிட் போய்விடுமோ என்று பயந்து பலர் வாய் திறப்பதில்லை. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவை மலேசியா 2023-இல் நீக்கிவிட்டது.