உறிஞ்சிக்கொள்ளலாமே, நிலக்கரியை ஏன் குறைக்க வேண்டும்?

கேள்வி: ஐஸ்லாந்தில் காற்றிலிருந்து கரியமில வாயுவை உறிஞ்சும் ஆலை வந்துவிட்டதாமே. அப்புறம் நிலக்கரியைக் குறைக்கச் சொல்லி அரசுகளை ஏன் நெருக்க வேண்டும்?
– ஒரு வாசகர், அரியலூர்

பதில்: வந்திருப்பது உண்மைதான். ஹெல்லிஷெய்தியில் கிளைம்வொர்க்ஸ் நிறுவனத்தின் 'மாமத்' ஆலை 2024 மே மாதம் ஓடத் தொடங்கியது. பெரிய மின்விசிறிகள் காற்றை இழுக்க, உள்ளே இருக்கும் வடிகட்டி கரியமில வாயுவைப் பிடித்துக்கொள்கிறது, அது நிரம்பியதும் அடைத்துச் சுமார் 100 டிகிரிக்குச் சூடாக்கினால் பிடித்ததை விட்டுவிடுகிறது. அதைச் சோடா மாதிரி தண்ணீரில் கரைத்து எரிமலைப் பாறைக்குள் இறக்குகிறார்கள். அங்கே முன்பு நடந்த சோதனையில் 95 சதவீதம் இரண்டு ஆண்டுக்குள் கல்லாகிவிட்டது. பாறைத் துளைகளில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கும். படித்தபோது எனக்குச் சிலிர்த்தது.

சரி, கணக்குக்கு வருவோம். முழுத் திறனில் ஓடினால் ஆண்டுக்கு 36,000 டன். உலகம் நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும் எரித்து விடுவதோ சுமார் 3,700 கோடி டன். ஆலை வருடம் முழுக்க எடுப்பதை நாம் அரை நிமிடத்தில் விட்டுவிடுகிறோம். காற்றில் 10,000 மூலக்கூறுக்கு நாலுதான் கரியமில வாயு, அனல்மின் நிலையப் புகைபோக்கியிலோ ஆயிரத்துக்கும் மேல். கடலில் கரைத்த பெருங்காயத்தைக் கட்டியாகத் திரும்ப எடுக்கிற வேலை இது.

அதற்காக வேண்டாம் என்று சொல்லமாட்டேன். உங்கள் ஊர் சிமெண்ட் ஆலைகளில் சூளையை எதில் எரித்தாலும், சுண்ணாம்புக்கல்லுக்குள்ளிருந்தே வாயு வரும். அப்படி மிஞ்சுவதற்கு உறிஞ்சல் தேவை. சுவீடன் 2045க்குள் நிகர பூஜ்யம், அதாவது காற்றில் விடுவதும் காற்றிலிருந்து எடுப்பதும் சரிக்குச் சரி, என்று சொன்னதோடு, 1990 அளவிலிருந்து குறைந்தது 85 சதவீதத்தை நாட்டுக்குள்ளேயே குறைத்தாக வேண்டும், ஈடுகட்டுவதெல்லாம் மிச்சத்துக்குத்தான் என்று வரம்பும் கட்டிவிட்டது. 2070க்குள் நிகர பூஜ்யம் என்ற நம் நாட்டின் இலக்கிலும் குறைப்புக்கு ஓர் எண், உறிஞ்சலுக்கு ஓர் எண் என்று பிரித்து எழுத வேண்டும் என்பதே என் கட்சி. கலந்து எழுதினால், இன்று புதிதாகக் கட்டுகிற ஒவ்வொரு அனல்மின் நிலையத்துக்கும் 'பிறகு உறிஞ்சிக்கொள்வோம்' என்ற சாக்கு கிடைத்துவிடும்.

கேள்வி: மரம் நட்டால் போதாதா?
– ஒரு வாசகி, தேனி

பதில்: நடுங்கள், அவசியம் நடுங்கள். 2030க்குள் காடுகள், மரங்கள் மூலம் கூடுதலாக 250 முதல் 300 கோடி டன் கரியமில வாயுவைச் சேமிப்போம் என்று 2015லேயே இந்தியா வாக்குக் கொடுத்திருக்கிறது. ஆனால் ஒரு காட்டுத்தீ போதும், ஐம்பது வருடம் சேர்த்தது ஒரே கோடையில் காற்றுக்குத் திரும்பிவிடும். நடும் முன் முதல் மூன்று கோடைக்கும் யார் தண்ணீர் ஊற்றுவது என்று பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.