ரேலி: சீட்டு யாருக்கு, காசு எங்கிருந்து? வடசென்னை ரசிகர்களின் கேள்விகளுக்குப் பதில்

புளியந்தோப்பில் பட்டறை வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் பல வருஷம் தேசிய ரேலிகளில் நேவிகேட்டராக, அதாவது டிரைவருக்கு நோட்ஸ் படித்து வழி சொல்பவனாக, இடப்பக்கச் சீட்டில் உட்கார்ந்தவன். மூடிய சாலையில் ஒவ்வொரு காரும் தனித்தனியாக நேரத்தோடு போட்டி போடுவதுதான் ரேலி. 2025 உலக ரேலி சாம்பியன்ஷிப் (டபிள்யூஆர்சி) முடிந்ததிலிருந்து நம் பக்கத்துப் பிள்ளைகள் கேட்டபடியே இருக்கும் கேள்விகளை இங்கே மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன். கேட்டவர் பேருக்குப் பதில் ஊர்ப் பேர்.

மணலி: அண்ணா, காலே ரோவன்பெரா 25 வயசுல ரேலியை விட்டுட்டாரே. ரெண்டு தடவை உலக சாம்பியன். அவருக்கு என்ன குறைச்சல்?

தம்பி, எனக்கும் அந்த அறிவிப்பு வந்த அன்று மனசு சரியில்லை. எட்டு வயதிலேயே கார் ஓட்டி உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்த பையன். அப்பா ஹாரி ரோவன்பெராவும் ரேலி டிரைவர்தான். 2022-ல், 22-ஆம் பிறந்தநாளுக்கு மறுநாள், நியூசிலாந்தில் பட்டத்தை வென்றார். அவ்வளவு சின்ன வயதில் வேறு யாரும் சாம்பியன் ஆனதில்லை. 2023-ல் மறுபடியும் வென்றார். 2024-ல் சில சுற்றுகள் மட்டும் ஓட்டினார். 2025-ல் முழு சீசனுக்கு வந்தார், அது முடியும்போது சர்க்யூட் பந்தயத்துக்கு, அதாவது ஒரே தடத்தில் எல்லாரும் சேர்ந்து சுற்றும் பந்தயத்துக்கு, போவதாகச் சொல்லிவிட்டார்.

அவர் இடத்திலிருந்து பார்ப்போம். 2025-ல் டபிள்யூஆர்சியின் மேல்மட்டத்தில் டொயோட்டா, ஹூண்டாய், எம்-ஸ்போர்ட் ஃபோர்டு என்று மூன்றே அணிகள். ரேலி1 என்பது அந்த மேல்மட்டக் கார், உலகம் முழுவதும் சேர்த்து அதற்கு ஏறக்குறைய பத்து சீட்டு. அதிலும் பெரிய சம்பளம் கொடுக்கக்கூடியவை இரண்டு கம்பெனிகள். டொயோட்டாவில் இருப்பவருக்கு ஹூண்டாய் ஒன்றுதான் மாற்று. ஏலத்தில் கை தூக்க இன்னொரு ஆள்தான் உண்டு என்றால் விலை எப்படி ஏறும்?

பணம் மட்டும் காரணமில்லை. வருஷத்துக்கு 14 ரேலி. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ரெக்கி, அதாவது ஸ்டேஜ் என்ற, போட்டிக்காக மூடப்படும் சாலையை மெதுவாக ஓட்டிப் பார்த்து நோட்ஸ் எழுதும் வேலை. அப்புறம் ஷேக்டவுன் என்ற சோதனை ஓட்டம், அப்புறம் போட்டி, இடையிடையே டெஸ்ட். இதில் உச்சியைத் தொட்டவருக்கு மேலே ஏற அடுத்த படி எதுவும் இல்லை. சர்க்யூட்டில் ஃபார்முலா 2, சூப்பர் ஃபார்முலா, ஃபார்முலா ஒன் என்று படிகள் இருக்கின்றன. அவர் முடிவை நான் குறை சொல்ல மாட்டேன். 22 வயதில் உச்சிக்கு வந்தவரை அங்கேயே நிறுத்தி வைக்க ரேலியிடம் ஒன்றும் இல்லாமல் போனதுதான் என் கவலை.

பெரம்பூர்: செபாஸ்தியன் ஓஜியே எல்லா ரேலிக்கும் வரதில்ல, ஆனா பட்டம் மட்டும் அவருக்கு. முழு சீசன் ஓட்டுறவங்களுக்கு இது நியாயமா?

2025-ல் 14 சுற்றில் மூன்றை விட்டுவிட்டு ஓஜியே தன் ஒன்பதாவது பட்டத்தை எடுத்தார். ஒன்பது பட்டம் என்றால் செபாஸ்தியன் லோப்பின் சாதனைக்குச் சமம். இரண்டாமிடம் எல்ஃபின் எவன்ஸுக்கு. அவருக்கு அது ஐந்தாவது இரண்டாமிடம். நான்கே புள்ளி வித்தியாசம். எவன்ஸுக்காக வருத்தப்படாத ரேலி ரசிகர் இருக்க முடியாது.

ஆனால் மூன்று ரேலி குறைவாக ஓட்டிய ஓஜியேதான் ரிஸ்க் எடுத்தவர். மூன்று தடவை பூஜ்யம் வாங்கிக்கொண்டு ஜெயித்திருக்கிறார். நியாயத்தில் எனக்குச் சந்தேகமில்லை.

வியாபாரக் கணக்கில்தான் இது உறுத்துகிறது. நட்சத்திரம் எந்த ஊருக்கு வருவார் என்று தெரியாவிட்டால் அந்த ஊர் அமைப்பாளர் எதை வைத்து ஸ்பான்சரிடம் பேசுவார்? ஒரு டிரைவரின் முடிவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு உதாரணமும் ஓஜியேதான். 2019 முடிவில் அவர் ஒப்பந்தம் முடிவதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே சிட்ரோயனை விட்டுக் கிளம்பினார். முதல் தர டிரைவர் கையில் இல்லை என்பதைக் காரணமாகச் சொல்லி அந்தக் கம்பெனி டபிள்யூஆர்சியையே விட்டு வெளியேறியது. ஒரு ஆள் போனால் கார் கம்பெனியே நடத்தும் ஃபேக்டரி அணி ஒன்று மூடும் அளவுக்குத்தான் இந்த விளையாட்டின் அஸ்திவாரம் இருந்தது.

வண்ணாரப்பேட்டை: சீட்டு கிடைக்கிறது திறமைக்கா, காசுக்கா? ஓப்பனா சொல்லுங்க அண்ணே.

மேல்மட்டத்துக்கு அடுத்த நிலையான ரேலி2 வரைக்கும் வர பெரும்பாலும் காசு வேண்டும். அதற்கு மேலே போக திறமையோடு கூட யாராவது கை கொடுக்க வேண்டும்.

ஆலிவர் சோல்பெர்க்கைப் பாருங்கள். 2003 சாம்பியன் பெட்டர் சோல்பெர்க்கின் மகன். ஹூண்டாய் அவரை 2022 முடிவில் விட்டுவிட்டது. அவர் ரேலி2-க்கு இறங்கி வந்து ஓட்டினார். 2025 ஜூலையில் எஸ்தோனியாவில் டொயோட்டா ஒரே ஒரு ரேலிக்கு மேல்மட்டக் காரைக் கொடுத்தது, அதையே ஜெயித்துக் காட்டினார். அந்த வருஷமே ரேலி2 கார்களுக்கான டபிள்யூஆர்சி2 பட்டமும் எடுத்தார், 2026-க்கு முழு சீட்டும் கிடைத்தது. கீழே இறங்க வெட்கப்படாததுதான் அவரைக் காப்பாற்றியது. ஆனால் அப்பா சாம்பியன், வீட்டிலேயே பட்டறை. நம் வியாசர்பாடிப் பையன் ஒருவனை அப்படி இறக்கிவிட்டால் திரும்பி வர வழி இருக்காது.

வேறு வழிகளும் உண்டு. தகமோட்டோ கட்சுதா ஜப்பானில் ஃபார்முலா 3 ஓட்டிக்கொண்டிருந்தவர். டொயோட்டா அவரை எடுத்து, ஃபின்லாந்தில் வைத்துப் பல வருஷம் பொறுமையாகப் பழக்கியது. ஜோஷ் மெக்கெர்லீன் அயர்லாந்தின் தேசிய ரேலி அகாடமி கொடுத்த ஆதரவோடு எம்-ஸ்போர்ட்டுக்கு வந்தவர். ஒருவருக்குப் பின்னால் கம்பெனி, இன்னொருவருக்குப் பின்னால் நாட்டின் அமைப்பு. இந்தியாவில் இதுவரை இரண்டுமே அந்த அளவுக்கு நடக்கவில்லை.

திருவொற்றியூர்: எங்க ஊரு எம்ஆர்எஃப் ஐரோப்பாவுல ரேலி டீம் நடத்துனாங்களாமே. அதுல நம்ம ஆளுங்களுக்கு என்ன லாபம்?

உங்கள் ஊர்க்காரர்கள் பெருமைப்பட வேண்டிய கதை இது. 1946-ல் திருவொற்றியூரில் மாம்மன் மாப்பிள்ளை பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய இடத்திலிருந்து வளர்ந்த கம்பெனி. 2022-ல் எஃப்ரென் யாரேனா என்ற ஸ்பானியர் எம்ஆர்எஃப் டயரில் ஐரோப்பிய ரேலி சாம்பியன் ஆனார்.

ஏன் டபிள்யூஆர்சியை விட்டு ஐரோப்பிய சாம்பியன்ஷிப்புக்குப் போனார்கள்? டபிள்யூஆர்சியில் எல்லா மேல்மட்டக் காருக்கும் ஒரே கம்பெனி டயர். 2021 முதல் 2024 வரை பிரெல்லி, 2025-லிருந்து ஹான்கூக். ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் அப்போது டயர் கம்பெனிகள் ஒன்றோடொன்று மோத முடிந்தது. டயர் விற்பவனுக்கு, பிரெல்லியையும் மிஷலினையும் ஸ்டாப்வாட்சில் தோற்கடித்தேன் என்று சொல்வதைவிடப் பெரிய விளம்பரம் கிடையாது. சரளையும் தார்ச்சாலையும் மாறி மாறி வரும் ரேலியில் கற்றது நம் சாலைக்கு ஓடும் டயருக்கும் பயன்படும். கணக்குப் பார்த்தால் சரியான செலவு.

நம் டிரைவர்கள் விஷயத்தில் எனக்கு ஆதங்கம் உண்டு. கௌரவ் கில் 2013, 2016, 2017 ஆகிய மூன்று வருஷம் ஆசிய-பசிபிக் ரேலி சாம்பியன். அது மூன்றும் எம்ஆர்எஃப் அணியின் ஸ்கோடாவில். 2019-ல் அர்ஜுனா விருது வாங்கினார், மோட்டார் பந்தயத்துக்காக அதை வாங்கிய முதல் ஆள் அவர். டபிள்யூஆர்சி2-விலும் சில சுற்று ஓட்டினார். ஆனால் ஐரோப்பாவில் வருஷம் முழுவதும் தங்கி, கட்சுதா மாதிரி தப்பு செய்து கற்றுக்கொள்ள அவருக்கு வாய்ப்பு அமையவில்லை. ஐரோப்பியப் பட்டத்துக்கு அந்த ஊர் டிரைவரைத்தான் போட வேண்டும், புரிகிறது. பக்கத்திலேயே இன்னொரு சிறிய காரில் 19 வயது இந்தியர் ஒருவரையும் ஓட வைக்கலாம். அந்தச் செலவு டயர் பட்ஜெட்டில் தெரியக்கூட தெரியாது.

எண்ணூர்: 2027-ல புது ரூல் வருதாமே. அதனால புது கம்பெனிங்க வருமா?

இதைத்தான் எல்லாரும் கேட்க வேண்டும். புது விதியில் ஒரு காரின் விலைக்கு 3,45,000 யூரோ உச்சவரம்பு. நம் பணத்தில் மூன்றரைக் கோடியை ஒட்டி வரும். சுமார் 300 குதிரைசக்தி, நிறைய பாகங்கள் ரேலி2 காரிலிருந்தே. முக்கியமான மாற்றம், கார் கம்பெனி இல்லாத தனி ட்யூனரும், அதாவது பந்தயத்துக்குக் கார் தயார் செய்யும் பட்டறையும், கார் கட்டிப் போட்டியிடலாம்.

இது ஏன் தேவைப்பட்டது? 2022-ல் ஹைபிரிட் கொண்டுவந்தார்கள். மின்சார யூனிட்டும் எஞ்சினும் சேர்ந்து காட்டில் பறந்தது பார்க்க அருமையாக இருந்தது. ஆனால் எல்லா அணிக்கும் ஒரே சப்ளையரின் யூனிட், அதை மெக்கானிக் கழற்றிப் பார்க்கவும் முடியாது. செலவு ஏறியது, புதிதாக எந்தக் கம்பெனியும் வரவில்லை. 2025-ல் அதைத் தூக்கிவிட்டார்கள்.

கம்பெனியை மட்டும் நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பதை ரேலி திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டது. 2008 டிசம்பரில், உலகப் பணநெருக்கடியில், சுபாருவும் சுஸுகியும் ஒரே வாரத்துக்குள் கிளம்பின. 2013 முதல் 2016 வரை எல்லாப் பட்டத்தையும் வென்ற ஃபோக்ஸ்வாகன், டீசல் ஊழலுக்குப் பிறகு 2017 காரைத் தயாராக வைத்துக்கொண்டே வெளியேறியது. இரண்டிலும் ரேலி எந்தத் தப்பும் செய்யவில்லை, முடிவு தலைமை அலுவலகத்தில் எடுக்கப்பட்டது. அதனால் காசு கொடுத்துக் கார் வாங்கி ஓட்டும் தனியாட்கள் மேல்மட்டத்துக்கு வந்தே ஆக வேண்டும். பத்து கார் இருபதானால்தான் டிரைவருக்கும் பேரம் பேச இடம் கிடைக்கும். லான்சியா மாதிரி பத்து உற்பத்தியாளர் பட்டம் வாங்கிய பேர் ரேலி2 வழியாகத் திரும்பி வருவது எனக்கு நல்ல அறிகுறியாகப் படுகிறது.

கொளத்தூர்: டிவில ஏன் ரேலி எடுபடல?

ஒவ்வொரு காரும் சில நிமிட இடைவெளியில் தனித்தனியாகக் கிளம்புகிறது. பக்கத்துப் பக்கத்தில் முந்துவது கிடையாது, போட்டி முழுக்க நேரத்தோடு. 2018-லிருந்து எல்லா ஸ்டேஜையும் நேரலையில் காட்டுகிறார்கள், ஹெலிகாப்டர் படமெல்லாம் பிரமாதம். ஆனால் மூன்று நாள் காலையிலிருந்து இரவு வரை உட்கார்ந்து பார்ப்பவர் நம்மைப் போல் ஏற்கெனவே பைத்தியம் பிடித்தவர்தான். தமிழில் பத்து நிமிட நல்ல தொகுப்பு தினமும் வந்தால் இங்கே நிறையப் பேர் வருவார்கள் என்று நம்புகிறேன்.

ராயபுரம், கல்லூரி மாணவி: பெண்கள் இதுல டிரைவராவோ நேவிகேட்டராவோ வர முடியுமா சார்?

முடியும்மா. ரேலியில் பெண்களுக்கு உலகப் பட்டத்தில் தனிப் பிரிவு இல்லை, எல்லாரும் ஒரே கடிகாரத்தில்தான் ஓட வேண்டும். மிஷேல் மூட்டோன் 1981-ல் ஆடி குவாட்ரோவில் சான்ரெமோ ரேலியை ஜெயித்தார், 1982-ல் உலக சாம்பியன்ஷிப்பில் இரண்டாமிடம். 2022-ல் மான்டே கார்லோவில் லோப் 47 வயதில் ஜெயித்தபோது பக்கத்தில் நோட்ஸ் படித்தவர் இசபெல் கால்மிஷ். அவர் கணக்கு டீச்சர்!

நேவிகேட்டராக வர விரும்பினால் டிஎஸ்டி (நேரம், வேகம், தூரம்) ரேலியில் தொடங்குங்கள். அது வேகப் போட்டி இல்லை. கொடுத்த சாலையை, சொன்ன சராசரி வேகத்தில், வினாடி பிசகாமல் முடிக்க வேண்டும். சாதாரணக் கார் போதும். அதில் கணக்கும் நிதானமும் பழகிய பிறகு ஸ்டேஜ் ரேலிக்கு, இந்திய மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐ தரும் உரிமம் எடுத்துக்கொண்டு வரலாம். வாந்தி வராமல் ஓடும் காரில் தலை குனிந்து படிக்க முடிகிறதா என்பதை முதலில் பாருங்கள். பலர் அதிலேயே நின்றுவிடுகிறார்கள்.

வியாசர்பாடி: நான் மெக்கானிக். ரேலில வேலை கிடைக்குமா?

கிடைக்கும், சீசனுக்கு மட்டும். சம்பளத்தை நம்பிக் கடையை மூடிவிடாதீர்கள். காரைச் சரி செய்யும் இடமான சர்வீஸ் பார்க்கில் கொஞ்ச நேரம்தான், அதற்குள் சஸ்பென்ஷன், பிரேக், கியர்பாக்ஸ் எல்லாம் முடித்து வெளியே அனுப்ப வேண்டும். ஒரு நிமிடம் தாமதமானால் டிரைவருக்குப் பெனால்டி. ஜிப்ஸி, சீடியா, போலோ என்று ஒவ்வொரு காலத்துக்கு ஒரு கார் நம் ரேலிகளை ஆண்டிருக்கிறது. அந்தந்தக் காரைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கத் தெரிந்தவருக்கு எந்த அணியும் இடம் கொடுக்கும். கூடவே ஒழுங்காகக் குறிப்பு எழுதப் பழகுங்கள். எந்த போல்ட்டை எவ்வளவு டார்க்கில் (முறுக்கு விசையில்) முறுக்கினோம் என்று எழுதி வைக்கும் பையனைத்தான் நான் முதலில் கூட்டிப் போவேன்.

தண்டையார்பேட்டை: சோழவரத்துல ரேஸ் நடந்த ஊரு நம்முது. டபிள்யூஆர்சி தமிழ்நாட்டுக்கு வருமா? அரசு பணம் போடணுமா?

சோழவரம் பழைய விமான ஓடுதளம். அங்கே பந்தயம் நடந்த காலத்தில் ஊரே திரண்டு போனது, பிறகு இருங்காட்டுக்கோட்டைக்கு மாறியது. 2024-ல் தீவுத்திடலைச் சுற்றி அரசு ஆதரவோடு இரவுப் பந்தயமும் நடத்திக் காட்டினார்கள். அதெல்லாம் சர்க்யூட்.

ரேலிக்கு 300 கிலோமீட்டரை ஒட்டி மூடிய சாலை வேண்டும். அதனால் தோட்டமும் காடும் இருக்கும் ஊர்கள்தான் சரி. சிக்மகளூரின் காப்பித் தோட்டங்களில் ஆசிய-பசிபிக் சுற்று நடந்திருக்கிறது. இப்போது டபிள்யூஆர்சியைக் கூப்பிடுவது அரசுகள்தான். 2025-லிருந்து பத்து வருஷத்துக்கு சவூதி ஒப்பந்தம் போட்டிருக்கிறது. காட்டு ஓரத்தில் நிற்கும் எல்லாரிடமும் டிக்கெட் வசூலிக்க முடியாததால் சுற்றுலாப் பணம் இல்லாமல் ரேலி நடக்காது. அரசு பணம் போடலாம் என்றுதான் சொல்வேன், ஆனால் டபிள்யூஆர்சிக்கு வேண்டாம். அந்தக் காசில் ஒரு சிறு பகுதியை மாநில அளவிலான ரேலிக்கும் பயிற்சிக்கும் போட்டால், பத்து வருஷத்தில் உலக ரேலிக்குப் போக நம்மிடமே ஆள் இருப்பார்கள்.

மூலக்கடை: அஜித் ஓட்டுறது ரேலியா?

இல்லை. துபாய் 24 மணி நேரப் பந்தயம் மாதிரியானவை சர்க்யூட்டில் நடக்கும் எண்டியூரன்ஸ் பந்தயங்கள். ஆனால் அவரால் நம் வீட்டுப் பெரியவர்கள்கூடப் பந்தயத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். அது பெரிய உதவி.

காசிமேடு: ரேலி பாக்கப் போனா ஆபத்தா? போகணும்னு ரொம்ப ஆசை.

ஆபத்து உண்டு, மறைக்கக் கூடாது. 1986-ல் போர்ச்சுகலில் கார் கூட்டத்துக்குள் பாய்ந்தது. அதே வருஷம் கோர்சிகாவில் ஹென்றி டொய்வோனனும் நேவிகேட்டர் செர்ஜியோ கிரெஸ்டோவும் இறந்தார்கள். அதோடு அப்போதைய மேல்மட்டமான குரூப் பி கார்களுக்கே தடை வந்தது. நம் நாட்டில் 2019-ல் ராஜஸ்தான் பார்மரில் மூடிய சாலைக்குள் வந்த பைக்கில் கார் மோதி ஒரே குடும்பத்தில் மூன்று பேர் இறந்தார்கள். இன்னொன்று அப்படி நடந்தால் எந்த ஸ்பான்சரும் இங்கே நிற்க மாட்டார், நிற்கவும் கூடாது.

போங்கள். வளைவின் வெளிப்பக்கத்தில் நிற்காதீர்கள், சாலையைவிட உயரமான இடத்தில், பின்னால் ஓட வழி வைத்துக்கொண்டு நில்லுங்கள். கார் வரும்போது கேமராவை விட்டுவிட்டுக் கண்ணால் பாருங்கள். அதைவிட நல்லது மார்ஷலாக, அதாவது சாலையோரப் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்பவராக, போவது. கிளப்புகளுக்கு எப்போதும் ஆள் தேவை, முன்கூட்டியே பேர் கொடுத்தால் பயிற்சியும் தருவார்கள். விடியற்காலையிலேயே ஸ்டேஜை மூடிவிடுவார்கள், மதியம் வரை வெளியே வர முடியாது. தண்ணீரும் சாப்பாடும் தொப்பியும் கையோடு எடுத்துப் போங்கள்.