கொரோனா காலத்தில் பல்கலைக்கழக ஆய்வகங்கள் வி.டி.எம். திரவத்தை (வைரஸ் மாதிரியை ஆய்வகத்துக்குக் கொண்டுபோக உதவும் திரவம்) தாங்களே தயாரித்தது எப்படி? அது கடினமான வேலையா?

கலக்குவது சுலபம். கலக்கிய டியூபில் கிருமியும் இல்லை, கொரோனா மரபணுவின் துணுக்கும் இல்லை என்று உறுதி செய்வதில்தான் உயிர் போகும்.

2020 மார்ச்சில் அமெரிக்காவில் மூக்கில் விட்டு மாதிரி எடுக்கும் குச்சியான ஸ்வாப், அதை முறித்துப் போடும் வி.டி.எம். திரவம், வைரஸின் மரபணுப் பொருளான ஆர்.என்.ஏ.வைப் பிரிக்கும் கிட் மூன்றுக்குமே தட்டுப்பாடு. ஸ்வாப் தயாரிப்பில் பெரிய கைகள் இரண்டு: இத்தாலியின் லொம்பார்டியில் கோப்பான், அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பியூரிட்டன். லொம்பார்டியோ அப்போது நோயின் நடுவே இருந்தது. செல் வளர்க்கும் எந்த ஆய்வகத்தின் ஃபிரிட்ஜிலும் வி.டி.எம்.முக்கு வேண்டிய சரக்கு இருக்கும். அதனால் பல பல்கலைக்கழகங்கள் அதைத் தாங்களே தயாரிக்க இறங்கின.

அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி. செய்முறையை வெளியிட்டிருந்தது. கால்சியமும் மெக்னீசியமும் உள்ள ஹேங்க்ஸ் உப்புக் கரைசல் 500 மி.லி. புட்டி ஒன்று. அதில் 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கிய கன்றுக்கரு சீரம் 10 மி.லி. சேர்த்தால் ஏறக்குறைய 2 சதவீதம். ஜென்டாமைசின் மி.லி.க்கு 100 மைக்ரோகிராம், ஆம்ஃபோடெரிசின் பி 0.5 மைக்ரோகிராம் வர வேண்டும். கையிருப்பு ஜென்டாமைசின் மி.லி.க்கு 50 மில்லிகிராம், ஆம்ஃபோடெரிசின் 250 மைக்ரோகிராம் என்றால் ஒவ்வொன்றிலும் 1 மி.லி. போதும். டியூபுக்கு 3 மி.லி. வீதம் ஊற்றினால் ஒரு புட்டிக்குச் சுமார் 170 டியூப். சீரம் வைரஸின் உறையைக் காக்கும். மற்ற இரண்டும் மூக்கிலிருந்து வரும் பாக்டீரியாவையும் பூஞ்சையையும் அடக்கும். எல்லாம் சேர்த்த பிறகு ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கருவி) வைத்தால் சீரம் திரிந்துவிடும். ஆகவே ஒவ்வொரு பொருளும் முன்பே கிருமியற்றதாக இருக்க வேண்டும், கலக்குவது வடிகட்டிய சுத்தமான காற்று ஓடும் பயோசேஃப்டி கேபினட்டுக்குள் நடக்க வேண்டும்.

சோதனையில் பலர் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. டியூபை 37 டிகிரியில் சில நாள் வைத்துப் பார்த்து, கலங்கவில்லை, ஆகவே சுத்தம் என்று முடிவு கட்டுவார்கள். உள்ளே ஜென்டாமைசின் இருக்கிறதே! கிருமி இருந்தாலும் அது வளராமல் அமுக்கி வைத்திருக்கலாம். அதனால் ஒவ்வொரு லாட்டிலும் (ஒரே தடவையில் கலக்கி நிரப்பிய தொகுதி) முதல், நடு, கடைசி டியூப்களிலிருந்து எடுத்து கிருமி வளர்க்கும் ஊடகமான ரத்த அகாரில் பூசிப் பார்ப்பதையும் சேர்த்துக்கொள்வது நல்லது.

கிருமியை விடவும் பெரிய ஆபத்து பாசிட்டிவ் கண்ட்ரோல், அதாவது சோதனை சரியாக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டுமென்றே போடும் வைரஸ் மரபணு. கொரோனாவின் 'என்' (N) மரபணுவைத் தாங்கிய பிளாஸ்மிட் (வட்ட வடிவ டி.என்.ஏ.) புழங்கும் அறையில் வி.டி.எம். நிரப்பவே கூடாது. கையுறையில் ஒட்டிய ஒரு துளி போதும், லாட் முழுவதும் பாசிட்டிவ் காட்டும். சி.டி.சி.யே 2020 பிப்ரவரியில் அனுப்பிய முதல் கிட்டின் ஒரு பாகத்தில் செயற்கை மரபணுத் துணுக்கு கலந்திருந்ததைப் பின்னாளில் அவர்களின் ஆய்வே ஒப்புக்கொண்டது. எனவே மாதிரி போடாத வி.டி.எம். டியூப் சிலவற்றை, மரபணுவைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் சோதனையான பி.சி.ஆரில் ஓட்டி, நெகட்டிவ் என்று பார்த்த பிறகே லாட்டை வெளியே விட வேண்டும். செயலிழந்த வைரஸைக் குறைந்த அளவில் இதிலும் கம்பெனி வி.டி.எம்.மிலும் கலந்து, இரண்டின் சி.டி. மதிப்பையும் (எத்தனையாவது பெருக்கச் சுற்றில் வைரஸ் தென்படுகிறது என்ற எண்) ஒப்பிட வேண்டும். சி.டி. 1 கூடினால் வைரஸில் பாதி தொலைந்ததற்குச் சமம்.

டியூபிலும் தொல்லை உண்டு. ஸ்வாப் முறியும் இடம் டியூபின் உயரத்துக்குப் பொருந்தவில்லையென்றால் மூடி இறுகாது, வழியில் கசியும். பஞ்சு முனை, மரக்குச்சி வைத்த ஸ்வாப்பை மாற்றாகத் தந்தால் அவற்றிலிருந்து இறங்கும் பொருள் பி.சி.ஆரைத் தடுக்கும், செயற்கை இழையும் பிளாஸ்டிக் தண்டும்தான் வேண்டும். தெற்கு ஃபுளோரிடா பல்கலைக்கழகம் நார்த்வெல் மருத்துவமனைக் குழுமம், 3டி பிரிண்டர் செய்யும் ஃபார்ம்லாப்ஸ் கம்பெனி ஆகியவற்றோடு சேர்ந்து 3டி பிரிண்டரில் ஸ்வாப் அச்சிட்டது இந்த நெருக்கடியில்தான்.

என்னைக் கேட்டால், பி.சி.ஆர். மட்டுமே செய்வதென்றால் இவ்வளவு மெனக்கெடத் தேவையில்லை. வைரஸ் உயிரோடு இருக்க வேண்டியதில்லையே! கிருமியற்ற உப்பு நீரையும் பாஸ்பேட் கரைசலையும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அப்போதே ஏற்றுக்கொண்டது. இவற்றில் எதில் போட்டாலும் மாதிரியை 2 முதல் 8 டிகிரியில் 72 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. தாமதமானால் மைனஸ் 70.

கடைசியாக ஒன்று. சில கம்பெனி டியூப்களில் வைரஸைக் கொல்ல குவானிடின் தயோசயனேட் இருக்கும். அந்தக் கழிவில் பிளீச் ஊற்றினால் நச்சு வாயு கிளம்பும். சொந்த டியூபும் கம்பெனி டியூபும் ஒரே அலமாரியில் இருந்தால் லேபிளில் இதைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.