‘விண்ட்ஹவுண்ட்’ என்பதில் காற்று உண்டா?

கேள்வி: கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த என் பெறாமகன், தான் வளர்க்கும் ‘சில்க்கன் விண்ட்ஹவுண்ட்’ என்ற வேட்டைநாயின் படத்தைக் காட்டினார். இது பழைய இனமா? காற்றுப்போல ஓடுவதாலா இந்தப் பெயர்? நீள்மயிர் விப்பெற் என்பதும் இதுதானா?
– வாசகர் ஒருவர், ஒட்டுசுட்டான்

பதில்: பழைய இனம் அன்று. அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தில் போர்சோய் என்னும் உருசிய வேட்டைநாய்களை வளர்த்துவந்த பிரான்சி ஸ்டல் என்ற பெண்மணி, 1980களில் அவற்றோடு விப்பெற் என்னும் மெலிந்த ஓட்டநாயின் வழிவந்த சிறிய நாய்களைக் கலந்து இதனை உருவாக்கினார். 1999இல் இதற்கென ஒரு சங்கம் அமைந்தது; 2011இல் நாயினங்களைப் பதிவுசெய்யும் அமெரிக்காவின் யுனைரெட் கெனல் கிளப் இதைத் தனி இனமாக ஏற்றது. பற்றைக்குள் மோப்பம் பிடித்து உடும்பு தேடும் நம் வன்னி நாய்களைப் போலன்றி, வெட்டவெளியில் இரையைக் கண்ணால் கண்டு துரத்தும் வகையைச் சேர்ந்தது இது.

‘சில்க்கன்’ என்பது அதன் பட்டுப்போன்ற மயிரைக் குறிக்கிறது. ஆனால் ‘விண்ட்’ இங்கே காற்றைக் குறிப்பதன்று. கண்டு துரத்தும் இத்தகைய நாய்கள் அனைத்தையும் ஜெர்மன் மொழியில் ‘விண்ட்ஹுண்ட்’ என்பார்கள். பழைய ஜெர்மனில் ‘விண்ட்’ என்ற சொல் தனியாகவே இவ்வகை நாயைக் குறித்தது. அப்பொருள் மங்கியபின் நாய் எனப் பொருள்படும் ‘ஹுண்ட்’ அதனோடு ஒட்டிக்கொண்டது. ஞாண் என்றாலே கயிறுதான் என்பது மறந்துபோய், நாம் ‘அரைஞாண் கயிறு’ என்று சொல்வதும் இவ்வாறானதே.

நீள்மயிர் விப்பெற் வேறு, எனினும் உறவுண்டு. அந்த நாய்களை வளர்த்த வோல்ரர் வீலர், நீண்ட மயிர் என்பது விப்பெற் இனத்தின் இரத்தத்தில் முன்பே மறைந்திருந்த இயல்பு என வாதிட்டார். விப்பெற் சங்கங்கள் அதை ஏற்கவில்லை. அவருடைய நாய்களின் இரத்தம் ஸ்டலின் கலப்பிலும் சேர்ந்தது. மேய்ப்புநாயான கொலியில் காணப்படும் எம்.டி.ஆர்.1 என்ற மரபணுக் குறை இவ்விரு வகைகளிலும் இருப்பதை 2004இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியபோது, மேய்ப்புநாயின் கலப்பு தெளிவாயிற்று. ஒரு பெயர் வம்சத்தைப் பற்றிய உரிமைகோரலும் ஆகும் என்பதால், பழைய இனத்தின் பெயரைக் கோராமல் புதுப்பெயர் சூடிய ஸ்டலின் வழியே நேர்மையானது என்பது என் கருத்து.

உங்கள் பெறாமகனுக்கு ஒன்றை மறவாமல் சொல்லுங்கள். அந்த மரபணுக் குறையுள்ள நாயின் மூளைக்குள் சில மருந்துகள் தடையின்றிப் புகுந்துவிடும். சொறிக்கு இங்கே வழங்கும் ஐவர்மெக்ரின் அளவு கூடினால் அதற்கு உயிராபத்து நேரலாம். மருந்து கொடுக்குமுன் மிருக வைத்தியரிடம் அந்த மரபணுப் பரிசோதனையைச் செய்விக்கட்டும்.