தேவிபட்டினம் பக்கம் ராத்திரி கபடி பாக்க வர்றவங்களுக்கு

ப்ரோ, மதுரைல இருந்து நாலு பேரு கார்ல வர்றோம், சனிக்கிழமை மேட்ச் பாத்துட்டு விடிஞ்சதும் நேரா தனுஷ்கோடி போயிரலாமான்னு கேட்டிருந்தீங்க. வேணாம். மின்னொளி கபடின்னு நோட்டீஸ்ல ஏழு மணின்னுதான் போடுவாங்க, முதல் ரைடு (எதிரணிப் பக்கம் பாடிப் போறது) போகவே பத்தாயிரும், பைனல் முடியுறப்ப பெரும்பாலும் கோழி கூவிரும். தூக்கமில்லாம அங்கிருந்து இன்னும் எண்பது கிலோமீட்டருக்கு மேல, அதுவும் பாம்பன் பாலத்துல கடல் காத்து தள்ளுறப்ப, எவன் ஓட்டுவான்?

சாயங்காலம் நாலுக்குள்ள கிளம்புங்க, பரமக்குடி வழியா ராமநாதபுரம் நூத்தி இருவது கிலோமீட்டர் கிட்டதான், அங்க ரூம் போட்டுட்டு சாப்பிட்டு மேட்சுக்கு வந்துருங்க.

உக்கார்ற இடம்தான் முக்கியம். கமிட்டி மேடைப் பக்கம் போகாதீங்க, மைக்செட்டு காதக் கிழிக்கும். போனஸ் கோட்டுப் பக்கமா, அதாவது கடைசிக் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னாடி இருக்குற கோட்டுக்கு நேரா, வெளிய தரையில துண்ட விரிச்சிருங்க, ரைடு வந்தவன் கால ஓரத்துல நிக்கிற கார்னர்காரன் கணுக்கால்ல கவ்வுறப்ப மண்ணு உங்க மூஞ்சில தெறிக்கும், டிவில மேட் விரிப்புல ஆடுறத பாக்குறது இதுக்கு உறை போடக் காணாது. கொசுதான் பாடாப்படுத்தும், முழுக்கை சட்ட போட்டு வாங்க.

காலைல ரூம்ல நல்லா தூங்கி எந்திரிச்சு, தேவிபட்டினத்துல கடலுக்குள்ள இருக்குற நவபாஷாண நவகிரகக் கோயில பாத்துட்டு ஊரு திரும்புங்க. தனுஷ்கோடிக்கு இன்னொரு வாரம் வரலாம்.