ஸ்பெயினில் கிரானடா நகரத்து அல்ஹம்ப்ரா அரண்மனையைச் சுற்றிப் பார்க்க ஒரு நாள் போதுமா? போய் வந்தவர்கள் சொல்லுங்களேன்.

போதும், காலையிலேயே கிளம்பினால்.

போன வருடம் மே மாதம் நாங்கள் மூன்று பேர் போனோம். நான், மனைவி, எங்களைப் பார்க்க ஜெர்மனி வந்திருந்த மாமனார். மாமனார் தஞ்சாவூர்ப் பக்கம் நாற்பது வருடம் நெல் போட்டவர். இதை ஏன் சொல்கிறேன் என்றால், காசு கொடுத்து வாங்கிய ஆடியோ கைடைவிட அந்த இடத்தை எனக்கு ஒழுங்காகக் காட்டியவர் அவர்தான்.

முதலில் டிக்கெட் விஷயம். பொது டிக்கெட்டில் அல்கசாபா கோட்டை, நஸ்ரித் அரண்மனைகள், ஹெனரலிஃபே தோட்டம் மூன்றையும் பார்க்கலாம். ஆனால் நஸ்ரித் அரண்மனைகளுக்கு மட்டும் நேரம் குறித்திருப்பார்கள். அந்த நேரத்திலிருந்து அரை மணிக்குள் வாசலில் நிற்க வேண்டும். தவறவிட்டால் அம்போதான். பாஸ்போர்ட்டும் கையில் இருக்கட்டும், கேட்பார்கள்.

எங்களுக்குக் கிடைத்தது மதியம் ஒன்றரை. அதுவரை தோட்டத்தைப் பார்ப்போம் என்று ஹெனரலிஃபேவுக்குப் போனோம். கிரானடாவை ஆண்ட நஸ்ரித் சுல்தான்கள் ஓய்வுக்கு ஒதுங்கிய இடம் அது. உள்ளே ஒரு நீண்ட முற்றம், நடுவில் வாய்க்கால், இருபக்கமும் வில்லாக வளைந்து விழும் நீர்ப்பீச்சுகள். போட்டோக்களில் எல்லாம் வருவது இதுதான். (பீச்சுகள் பிற்காலத்தில் சேர்த்தவை. சுல்தான் காலத்தில் வாய்க்கால் சத்தமில்லாமல் ஓடியிருக்கிறது.)

மாமனார் பூவையும் பார்க்கவில்லை, வளைவையும் பார்க்கவில்லை. வாய்க்கால் ஓரத்தில் நின்றுகொண்டு, "மாப்பிள்ளை, ஆறு கீழ பள்ளத்துல கிடக்கு. இங்க மேட்டுல தண்ணி ஓடுது. மோட்டார எங்க வச்சிருக்கான்?" என்றார்.

மோட்டார் இல்லை. 1238இல் இந்தக் குன்றின்மேல் கோட்டை கட்டத் தொடங்கிய நஸ்ரித் சுல்தான் முதலாம் முகம்மது, கீழே ஓடும் டாரோ ஆற்றைச் சுமார் 6 கிலோமீட்டர் மேலே போய் மறித்தார். அங்கே ஆறு இந்தத் தோட்டத்தைவிட உயரத்தில் ஓடுகிறது. அங்கிருந்து மலைச்சரிவை ஒட்டியே வெட்டிக் கொண்டுவந்த வாய்க்கால் முதலில் இந்த முற்றத்தின் நடுவே ஓடி, அப்புறம் அரண்மனைப் பக்கம் போகிறது. 'அசேக்கியா ரியால்', அதாவது அரச வாய்க்கால் என்று பெயர். அசேக்கியா என்ற ஸ்பானியச் சொல்லே அரபியிலிருந்து வந்ததுதான். நான் இதைப் படித்துச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. "சரியா வாட்டம் குடுத்திருக்கான்" என்று தலையை ஆட்டிக்கொண்டார்.

தோட்டத்தின் மேல்பகுதியில் ஒரு படிக்கட்டு இருக்கிறது. அதன் கைப்பிடிச் சுவர்தான் வாய்க்கால்! இரண்டு பக்கமும் சுவரின் மேல் தண்ணீர் சலசலவென்று இறங்குகிறது. மரநிழல் வேறு. ஏறும்போது கையை அதில் விட்டுக்கொண்டே போகலாம். அங்கே உட்கார்ந்து மணியை மறந்துவிட்டோம். ஒரு மணி ஆகிவிட்டது. வரைபடத்தில் அரண்மனை பக்கத்தில்தான் தெரிந்தது. நடந்தால் இருபது நிமிடத்துக்கு மேல், அதிலும் முழங்கால் வலியுள்ளவரோடு. வரிசையில் போய் நின்றபோது மணி 1.50. நீங்கள் இந்தத் தப்பைச் செய்யாதீர்கள்.

நஸ்ரித் அரண்மனைகள் வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணமான சிவப்புச் சுவர். அல்ஹம்ப்ரா என்றாலே அரபியில் 'சிவந்தது'. உள்ளேதான் எல்லாம். சுவர் முழுக்கச் சுதை வேலை, எழுத்தும் கொடியும் பின்னிக்கொண்டு. 'இறைவனைத் தவிர வெல்பவன் இல்லை' என்ற நஸ்ரித் வாசகம் திரும்பிய பக்கமெல்லாம் இருக்கிறது. அதை எழுதி வைத்த வம்சத்தின் கடைசி சுல்தான் போஅப்தில் 1492 ஜனவரி 2 அன்று கோட்டையை ஸ்பெயினின் கிறிஸ்தவ அரச தம்பதி ஃபெர்டினாண்ட், இசபெல்லாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்.

மிர்ட்டில் என்ற புதர்ச்செடியின் பெயர்கொண்ட முற்றத்தில் ஒரு நீண்ட குளம். அதில் 45 மீட்டர் உயர கொமாரெஸ் கோபுரம் தலைகீழாகத் தெரிகிறது. தண்ணீர் குளத்தில் நேராக விழுவதில்லை. தரையோடு தரையாக உள்ள வட்டத் தொட்டியில் ஊறி, குறுகலான ஒரு தாரை வழியாக மெதுவாக இறங்குகிறது. அதனால் குளம் அலுங்காமல் கிடக்கிறது. நான் கோபுரத்தைப் படமெடுத்துக்கொண்டிருக்க, இதைக் காட்டிக்கொடுத்தவரும் மாமனார்தான்.

அடுத்தது சிங்க முற்றம், 14ஆம் நூற்றாண்டில் ஐந்தாம் முகம்மது கட்டியது. 12 பளிங்குச் சிங்கங்கள் சுமக்கும் தொட்டியின் விளிம்பில் இப்னு ஸம்ரக்கின் கவிதை செதுக்கியிருக்கிறது. ஓடுவது தண்ணீரா பளிங்கா என்று சொல்ல முடியவில்லை என்கிறார் கவிஞர். நான்கு பக்க மண்டபங்களும் சிறு வாய்க்கால்களால் இந்தத் தொட்டியோடு சேர்ந்திருக்கின்றன. ஒரு மண்டபத்துத் தொட்டியில் துருக்கறை இருக்கிறது. அங்கே வெட்டப்பட்ட அபென்செராஹே பிரபுக்களின் ரத்தம் என்று கதை சொல்வார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். எதிரே இரு சகோதரிகள் மண்டபம். சகோதரிகள் யாருமில்லை, தரையிலுள்ள இரண்டு பெரிய பளிங்குப் பலகைகளுக்குத்தான் அந்தப் பெயர். அங்கே அண்ணாந்து பாருங்கள். 5,000க்கு மேற்பட்ட சிறு துண்டுகளால் தேன்கூடு மாதிரி ஒரு விதானம். கழுத்து வலிக்கும், பரவாயில்லை.

ஸ்பெயின் மன்னர் ஐந்தாம் சார்லஸ் 1527இல் கோட்டையின் நடுவில் கட்டத் தொடங்கிய அரண்மனைக்குப் பத்து நிமிடம் போதும். வெளியே சதுரம், உள்ளே வட்டம். பல நூற்றாண்டுகள் கூரையில்லாமல் கிடந்த கட்டடம். எனக்கு அது வேறு ஊரிலிருந்து தூக்கிவந்து வைத்தது போலிருந்தது.

   

சாயங்காலம் எதிர்க்குன்றில் இருக்கும் சான் நிக்கோலாஸ் காட்சி மேடைக்குப் போங்கள். வெயில் சாயும்போது கோட்டை நிஜமாகவே சிவந்து நிற்கும், பின்னால் சியர்ரா நெவாடாவின் பனி. எல்லோரும் அந்தப் பக்கம் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாமனார் மட்டும் இடது பக்கம், ஆறு வரும் திசையில் மலைச்சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தலைமதகு அந்தப் பக்கம்தானே இருக்கணும்? நாளைக்குப் போய்ப் பாத்துட்டு வந்துருவோமா மாப்பிள்ளை?"

மறுநாள் காலை எட்டு மணிக்கு எங்களுக்கு பஸ்.