ஷராகு வரைஞ்ச கை

சார் வணக்கம்,

ஜப்பானோட கபுகி நாடக நடிகர்களை வரைஞ்ச மர அச்சுப் படங்களைப் பத்தி நீங்க எழுதினதைப் படிச்சுட்டு, ஷராகுங்கிற ஓவியரோட படங்களைத் தேடிப் பார்த்தேன். ஏமாத்தமா இருந்துச்சு. அந்த ஒதானி ஓனிஜிங்கிற நடிகரோட படத்துல கண்ணு ரெண்டும் மூக்குப் பக்கமே ஓடுது, கை சின்னப்புள்ள கை மாதிரி இருக்கு. இதைப்போய் ஏன் இவ்வளவு கொண்டாடறாங்க?

- எஸ்.

அன்புள்ள எஸ்,

கை விஷயத்துல நீங்க சொல்றது சரிதான், அது அந்த உடம்புக்கான கையே இல்ல. ஆனா அங்க என்ன நடக்குதுன்னு பாருங்க, நாடகத்துல ஓனிஜிக்கு எடோபெய்னு ஒரு அடியாள் வேஷம், இப்பெய்ங்கிறவன்கிட்ட இருக்குற பணத்தைப் பிடுங்க வர்றான், விரல் பத்தும் விரிஞ்சு கிமோனோவுக்குள்ள இருந்து துருத்திக்கிட்டு வருது, வாயை இறுக்கி மூடியிருக்கான், அவ்ளோதான் படமே. இப்பெய் வாளை உருவுறதை ஷராகு தனிப் படமா போட்டிருக்காரு, ரெண்டையும் சேர்த்துப் பாருங்க, சண்டை தெரியும்.

கண்ணு அப்புறம். கபுகியில உச்சக்கட்டத்துல நடிகர் அப்படியே உறைஞ்சு நிப்பாரு, அதுக்கு மியேன்னு பேரு, ஓரமா ஒருத்தர் கட்டையால பலகையில படபடன்னு தட்டுவாரு, இவரு கண்ணை உருட்டி முறைப்பாரு. அந்த நொடி ஞாபகமா வீட்டுக்கு வாங்கிட்டுப் போறதுதான் இந்தப் படங்க, அப்போ ஒரு கிண்ணம் சோபா நூடுல்ஸ் விலைதான் இருந்திருக்கும்.

இன்னொண்ணு, எடோ (இப்போ டோக்கியோ) ஜனங்களும் உங்க கட்சிதான். 1794ல த்சுதாயா ஜூசபுரோங்கிற பதிப்பாளர், அதுவரைக்கும் யாருக்கும் தெரியாத இந்த ஆளோட 28 பெரிய முகப் படங்களை ஒரே நேரத்துல இறக்குறாரு. சுமார் பத்து மாசம், 140 படத்துக்கு மேல, அப்புறம் ஆளையே காணோம். ரசிகனுக்கு அவனோட ஹீரோ அழகா இருக்கணும்ல? 1629லயே பொம்பளைங்க மேடையேறக் கூடாதுன்னு தடை போட்டுட்டதால பெண் வேஷமும் ஆம்பளைங்கதான், மத்த ஓவியர்கள் அதைப் பொண்ணாவே வரைஞ்சு குடுத்தாங்க, இவரு செகாவா தொமிசபுரோங்கிற பெண் வேஷ நடிகரை வரையும்போது அந்தத் தாடையை அப்படியே விட்டுட்டாரு, பவுடருக்கு உள்ள இருக்குற ஆம்பள தெரியுறான். ரொம்ப நிஜமா வரையப் போனதாலதான் இவரு ரொம்ப நாள் ஓடலன்னு அந்தக் காலத்துலயே ஓதா நான்போங்கிற எழுத்தாளர் குறிச்சு வெச்சிருக்காரு. ஷராகுங்கிறது சாய்தோ ஜூரொபெய்ங்கிற 'நோ' நாடக (அது கபுகிக்கும் பழைய ஜப்பானிய நாடக வகை) நடிகர்தான்னு இப்போ பெரும்பாலும் ஒத்துக்கறாங்க, மேடை தெரிஞ்ச ஆளுதான், சந்தேகமே இல்ல. அதுக்காக எல்லாத்தையும் நான் கொண்டாட மாட்டேன், பின்னாடி வந்த முழு உருவப் படங்கள்ல பல இடத்துல உயிரே இல்ல.

நீங்க போன்லதான் பார்த்திருப்பீங்க. அதுல பின்னணி வெறும் சாம்பல் கலர். நிஜத்துல அது அபிரகப் பொடி, காகிதத்தைச் சாய்ச்சா மினுக்கும், அந்தக் காலத்துல நாடகம் பார்த்த ஜனங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்! எங்கயாவது நேர்ல பார்க்கக் கிடைச்சா கொஞ்சம் குனிஞ்சு பக்கவாட்டுல இருந்து பாருங்க, நான் முதல் தடவை நேரா நின்னு பார்த்துட்டு வந்துட்டேன்.